மூன்று சிவப்பு, ஒரு நீலம்

டாக்டர் சீட்டில் எழுதியிருந்ததை
மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு
இது மாத்திரை இல்லையே என்று
திருப்பிக் கொடுத்தார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை
முதுநகரில் லேத்துப் பட்டறையைப் பூட்டிவிட்டு
பஸ் ஏறி
அரியாங்குப்பம் பாலத்தில் அரைமணி நின்று
புதுச்சேரி வந்து
ரொட்டி வாசனை கூடவே ஏறுகிற ஒரு மாடிப்படியில்
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

முதலில் சாக்ஸ் வாங்க வேண்டுமாம்.
அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்தது, நானூற்றைம்பது.
முப்பது வருஷம் இரும்புச் சுருள்மேல் நின்ற கால்
நர்சரிப் பிள்ளையின் காலாயிற்று.

உள்ளே வரிசையாக ஐந்து.
கட்டில் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும்,
எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது:
இரண்டு தண்டவாளம், மேலே ஓடுகிற வண்டி,
ஒரு முனையில் ஸ்பிரிங், மறுமுனையில் கப்பி, கயிறு.
இதுக்குப் பேரு கேரேஜ், என்றாள் அனெத்.
எங்கள் லேத்திலும் அதே பேர்தான் என்றேன்.
அங்கே அதன்மேல் டூல் உட்கார்ந்திருக்கும்.
இங்கே நான்
மல்லாந்து.

குதிகால் கம்பியில்.
தோளுக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மெத்தைக் கட்டை.
மூன்று சிவப்பு, ஒரு நீலம் என்று
ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு
மூச்சை விட்டுக்கிட்டே தள்ளுங்க, என்றாள்.

விசைப்படகு ஷாஃப்ட்டைத் தனியாளாய்ப் புரட்டுகிறவன் நான்.
தள்ளினேன்.
வண்டி பறந்தது.
பறந்த வேகத்தில் திரும்பி வந்து
டமார்.

மற்ற நாலு வண்டியும் நின்றது.

போனது நீங்க சார், சரி.
வரும்போது
ஸ்பிரிங் உங்களைக் கூட்டிட்டு வந்துச்சா
நீங்க ஸ்பிரிங்கைக் கூட்டிட்டு வந்தீங்களா?

பதில் தெரியாமல் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

இடப்பக்கம் ஷஃபீனா,
முட்டி ஆபரேஷன் ஆன கால்பந்துக்காரி,
தூங்குகிற குழந்தை இருக்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோல
ஒவ்வொரு தடவையும் வந்து சேர்ந்தாள்.
வலப்பக்கம் ரிட்டயர்டு நோட்டரி மதாம் ஒக்தாவி
இரண்டு காலையும் கயிற்று வளையத்தில் மாட்டி
காற்றில் வட்டம் போட்டார்.
அரை நூல் பிசகில்லை.
என் கண்ணுக்கே.

பிறகு எல்லாவற்றையும் கழற்றி
ஒரே ஒரு மஞ்சளை விட்டாள்.
அப்பாடா, பாரம் குறைந்தது என்று
கையைக் கம்பியில் ஊன்றி
வண்டிமேல் முட்டிபோட்டேன்.
அது வழுக்கிக்கொண்டு போயிற்று,
பிடித்துவைக்க ஆளில்லாத வண்டி.
ஸ்பிரிங் செய்துகொண்டிருந்த வேலையை
இப்போது நான் செய்யவேண்டுமாம்.
தொப்புளுக்குக் கீழே
ஐம்பத்தொரு வருஷமாய் எனக்கு அறிமுகமில்லாத ஓர் இடம்
நடுங்க ஆரம்பித்தது.

லேத்து நடுங்கினால்
பேரிங் போயிற்று என்று மெஷினை நிறுத்துவேன்.
இவள் குனிந்து பார்த்துவிட்டு
அதேதான், அங்கேதான், என்கிறாள்.

நாலாவது வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.
என்னால் சும்மா இருக்க முடியவில்லை.
வகுப்பு முடிந்ததும் பார்க்கப் போனேன்.
ஐயோ, இடுப்பிலிருந்து குனியாதீங்க, உட்காருங்க.
உட்கார்ந்தேன்.
அச்சில் யாருடையதோ நீண்ட தலைமுடி,
நூற்கண்டுபோல் இறுகிச் சுற்றியிருந்தது.
சேஃப்டி பின்னால் ஒவ்வொரு சுற்றாய் எடுத்து
அவள் கையில் கொடுத்தேன்.
அன்றைக்கு எனக்குக் கொஞ்சம்
மரியாதை மீண்டது.

வலி போய்விட்டதா என்று வீட்டில் கேட்டார்கள்.
இல்லை. அது அங்கேயேதான் இருக்கிறது.
தொடையும் கூடச் சேர்ந்துகொண்டது.
சிரித்தால் விலா.

திங்கட்கிழமை
ஒரு புஷ் கடைந்து முடித்துக்
கைச்சக்கரத்தைச் சுழற்றி
கேரேஜைப் பின்னுக்கு இழுத்தேன்.
எப்போதும் ஒரே சுற்றில் வீசி விடுவதுதான்.
இப்போது மூச்சை விட்டு
மெதுவாய்
சத்தமில்லாமல்
கடைசி அங்குலம் வரை கூட்டிவந்தேன்.

வேலவேந்தன் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.
என்னண்ணே,
மெஷின்ல ஏதாவது கோளாறா?